காவிரிப் படுகையின் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, முனைவர் பட்ட ஆய்வுகளையும் நெறிப்படுத்தும் உங்களில் ஒருத்தி எழுதுகிறேன். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை நம்மிடம் ஆய்வு செய்யும் பிள்ளைகள் பட்டம் வாங்கியபின் என்ன ஆகிறார்கள் என்று நாம் கூடிப் பேசியதே இல்லை. இப்போதாவது பேசலாம்.

பெரும்பாலோர் கௌரவ விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறார்கள். கிடைக்காதவர்கள் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கல்லூரியில் சேர்ந்து, ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆய்வுக்காலம் நம் கையில் இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, பலருக்கு ஆறு ஆண்டு வரை நீளும் அந்த இளமைக்காலம் நம்மை நம்பி ஒப்படைக்கப்படுகிறது.

கடைமடைப் பகுதியின் உவர் நிலத்தில் நெல்லை ஆராய்ந்த ஒரு மாணவியின் பயோடேட்டாவைப் பார்த்தேன். நான்கு பக்கம். கருத்தரங்குச் சான்றிதழ்கள், இணையவழிப் பயிலரங்குகள், காசு கட்டி வெளியிட்ட கட்டுரைகள். அவள் உண்மையில் செய்தது எதுவும் அதில் இல்லை. மண்ணின் உப்பை அளக்கத் தெரியும். சோதனைத் திடல் போட்டு மூன்று பருவம் பராமரித்திருக்கிறாள். தரவுகளை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பகுத்திருக்கிறாள். சம்பா போட்டு நட்டமடைந்த விவசாயிகளிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறாள். விதைப் பரிசோதனைக்கூடமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தேடுவது இப்படி ஒருத்தியைத்தான். அதை எழுத வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள்படி ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் தன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்: முடித்தபின் என்ன வேலைக்குப் போக நினைக்கிறாய், அதற்கு இந்தப் பருவத்தில் என்ன கற்றுக்கொண்டாய்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். முதல் ஆண்டிலிருந்தே எழுதுங்கள். ஆய்வேடு ஒப்படைக்கும் வேளையில் கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் பதற்றம்தான் மிஞ்சும்.

அதே விதிமுறைகள் கட்டுரை வெளியீட்டுக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனாலும் எண்ணிக்கைக்காகக் காசு கட்டச் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஓயவில்லை. வாரத்துக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கற்பித்தல் உதவிப் பணி தரலாம் என்றும் அவை சொல்கின்றன. நாம் தருவதோ கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்குக் கோப்பு அடுக்கும் வேலை. வகுப்பெடுக்க, வினாத்தாள் அமைக்க, ஆய்வகத்தை நடத்தப் பழக்கினால் அது அவர்களுக்குத் தொழில் அனுபவம். கோப்பு அடுக்குவது யாருக்கும் அனுபவமாகாது.

இரண்டாவது வேண்டுகோள் இதைவிடப் பெரியது. ஒவ்வொரு மாணவரையும் இரண்டு மாதமாவது வேறொரு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி. தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். இத்தனை இருந்தும் ஒரு துறைப் பிள்ளை பக்கத்து நிறுவனத்தின் வாசலை மிதிக்காமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது.

அறிவியல் மாணவருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் கும்பகோணம் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படி ஒரு விண்ணப்பத்தில் பொருளின் பூர்வீகத்துக்கு வரலாற்றுச் சான்று காட்ட வேண்டும். அது வரலாற்று மாணவர் செய்யக்கூடிய வேலை. சுவடி படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர் மின்பதிப்பு வேலைக்குப் போகலாம். அறிவியல் பட்டதாரி காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். இவற்றையெல்லாம் நாமே கற்பிக்க முடியாது, தேவையும் இல்லை. செய்துகொண்டிருக்கும் பழைய மாணவரை அழைத்து ஒரு மதியம் பேசச் சொன்னால் போதும்.

கல்லூரிக்கு வெளியே போனால் ஆய்வு கெடும் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். எந்த மாதம் அனுப்புவது, எதை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது என்பதை மாணவரோடு உட்கார்ந்து முடிவு செய்தால் ஆய்வேடு தடைபடாது.

அடுத்த பருவக் கூட்டத்தில் என் மாணவர்களின் படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேர்க்கப் போகிறேன். ஆடுதுறைக்கும் தஞ்சைக்கும் அனுமதி கேட்டு ஒரு பொதுக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்திட விரும்பும் நெறியாளர்கள் தை மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிட ஏழெட்டுக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு நெறியாளர்