பாப்பா எடுக்கப்போகும் பாடங்கள்

லண்டன்,
பிப்ரவரி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கு குளிர் இன்னும் விடவில்லை. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "பாப்பாவுக்கு மூன்று சயின்ஸும் தர மாட்டேன் என்கிறார்களா? நான் வேண்டுமானால் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா?" என்று நீங்கள் கேட்டபோது, அவள் என் பக்கத்திலேயே நின்றிருந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பள்ளி எதையும் மறுக்கவில்லை, அப்பா. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் ஒரே ஐந்து பாடங்களைப் படித்து, 500 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதிய பிறகுதான் குரூப் எடுப்பதைப் பற்றிப் பேசுவோம். இங்கிலாந்தில் அந்தப் பேச்சு ஒன்பதாம் வகுப்பிலேயே, அதாவது பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே வந்துவிடுகிறது. அப்போது எடுக்கும் பாடங்களைப் பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளில் படித்து, கடைசி ஆண்டின் மே, ஜூன் மாதங்களில் எழுதும் தேர்வைத்தான் ஜி.சி.எஸ்.இ. என்கிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவை எல்லோருக்கும் உண்டு. மதிப்பீடு 9 முதல் 1 வரை. 9 தான் உச்சம், 4 வாங்கினால் தேர்ச்சி. ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 வாங்காத பிள்ளை பதினாறு வயதுக்குப் பிறகும் அந்தப் பாடத்தை விடாமல் படிக்க வேண்டும் என்பதால், இங்குள்ள பெற்றோர்களின் முதல் கவலை அந்த இரண்டைப் பற்றியதுதான். நல்லவேளையாக, பாப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை.

இவை போக அவள் நான்கு பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கேள்வி பிறந்த இடமும் இதுதான். அறிவியலை இரண்டு விதமாகப் படிக்கலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்து மூன்று சான்றுகள் வாங்குவது ஒன்று. அதை டிரிப்பிள் சயின்ஸ் என்கிறார்கள். அதே மூன்றையும் சற்றுக் குறைந்த அளவில் படித்து இரண்டு பாடங்களுக்குச் சமமான சான்று வாங்குவது கம்பைன்ட் சயின்ஸ். இரண்டாவதில் ஏதோ ஓர் அறிவியல் விடுபட்டுப்போகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பாப்பாவின் பள்ளி எழுதும் தேர்வு வாரியத்தில் இரண்டிலும் தேர்வுத்தாள்கள் ஆறுதான். தனித்தனியாகப் படிப்பவர்களுக்கு ஒவ்வொரு தாளும் ஒன்றே முக்கால் மணி நேரம், சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம். பாடத்தின் அளவில்தான் வித்தியாசம். ஆனால் பாப்பாவின் பள்ளியில் டிரிப்பிள் சயின்ஸ் எடுத்தால், அந்த நான்கு இடங்களில் ஒன்று அதற்குப் போய்விடும்.

அவள் டாக்டராக வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் அறிவேன். ஆகையால் ஊகத்தில் விடாமல், எங்கள் பகுதியில் உள்ள மூன்று பள்ளிகளின் ஏ லெவல் சேர்க்கை விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். ஏ லெவல் என்பது நம் பிளஸ் டூ மாதிரி. பெரும்பாலும் மூன்று பாடங்கள்தான். மூன்று பள்ளிகளுமே கம்பைன்ட் சயின்ஸ் படித்த பிள்ளைகளை வேதியியலுக்கும் உயிரியலுக்கும் சேர்த்துக்கொள்கின்றன. வாங்கும் கிரேடு மட்டும் நன்றாக இருக்க வேண்டும். பல மருத்துவக் கல்லூரிகள் அழுத்திக் கேட்பதும் ஏ லெவல் வேதியியலையும் உயிரியலையும்தான். எனவே அந்தக் கதவு மூடப்படவில்லை, அப்பா. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஜனவரியில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் என்று கணக்காக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அறிவியல் ஆசிரியையிடம் நான் என் கேள்வியைக் கேட்டேன், அவரோ என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். பெற்றவள் நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையிடம் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. பாப்பா கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அறிவியல் பிடிக்கும், ஆனால் வரலாற்றையும் ஓவியத்தையும் விட முடியாது" என்றாள். இந்த வாக்கியத்தை அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதற்கு முந்தைய வாரம் நான் செய்த ஒரு காரியத்தையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. பள்ளி கொடுத்த படிவத்தை அவளைக் கேட்காமலேயே நான் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அவள் ஓவியம் என்று ஒரு கட்டத்தில் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி, மறுபடியும் அழித்ததில் அந்த இடத்தில் காகிதம் நைந்து ஓட்டையாகியிருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளி அலுவலகத்தில் சொல்லி வேறொரு படிவம் வாங்கிக்கொண்டேன். எனக்கு முதல் குரூப் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் விடியற்காலையிலேயே பள்ளி வாசலில் போய் நின்றதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். அதில்தான் நான் இன்று பிழைக்கிறேன். அதே அன்பால்தான் நானும் அந்தப் படிவத்தை நிரப்பினேன். ஆனால் அவளுக்கு இங்கே இருக்கும் வழிகள் எனக்கு அன்று இருந்தவை அல்ல.

வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். பாடம் எடுப்பதற்கு முன் பிள்ளைகள் ருசி பார்க்கட்டும் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாதிரி வகுப்பு நடத்துகிறார்கள். வரலாற்று வகுப்பில் 1854-ஆம் ஆண்டு லண்டன் சோஹோ பகுதியில் பரவிய காலராவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளைப் பற்றி விசாரித்து, பிராட் தெருவில் இருந்த தண்ணீர் அடிகுழாய்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பிறகு அந்தச் சாவுகளை ஒரு வரைபடத்திலும் குறித்துக் காட்டினார். நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம் அது. பாப்பா அந்த வரைபடத்தைத் தன் நோட்டில் வரைந்து, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு போட்டு, சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு விளக்கினாள். அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் தப்பினார்கள் என்று எங்களையே ஊகிக்கச் சொன்னாள். அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கு பல பள்ளிகளில் ஜி.சி.எஸ்.இ. வரலாற்றில் மருத்துவத்தின் வரலாறே ஒரு பகுதி.

ஓவியத்தைப் பொழுதுபோக்கு என்று நான் தள்ளியது தவறு. மொத்த மதிப்பெண்ணில் அறுபது விழுக்காடு ஆண்டு முழுவதும் செய்து சேர்க்கும் படைப்புகளுக்கு. மீதி நாற்பது, தேர்வு வாரியம் கொடுக்கும் கருப்பொருளில் தயாரித்து, மேற்பார்வையில் பத்து மணி நேரம் உட்கார்ந்து முடிக்கும் வேலைக்கு. உழைப்பில் அது எந்தப் பாடத்துக்கும் குறைந்ததில்லை.

எல்லாவற்றையும் அவள் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். கணினி அறிவியலும் அவள் பட்டியலில் இருந்தது. ஏன் என்று துருவிக் கேட்டதில், நெருங்கிய தோழி எடுக்கிறாள் என்பதைத் தவிர வேறு காரணம் வரவில்லை. தோழி வேறு பிரிவில் உட்கார நேர்ந்தாலும் அந்தப் பாடத்தை இரண்டு வருடம் படிப்பாயா என்று கேட்டேன், அவளே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். ஒரு மொழி மட்டும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஸ்பானிஷ் எடுக்கச் சம்மதித்தாள். நான்காவது இடத்துக்குத்தான் டிரிப்பிள் சயின்ஸா, புவியியலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். எது என்றாலும் எனக்குச் சம்மதமே. அவளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

படிவத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நீங்கள் தொலைபேசியில் கூப்பிடும்போது எந்தப் பாடம் எடுத்தாய் என்று முதலில் கேட்காமல், அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதையைச் சொல்லச் சொல்லுங்கள், அப்பா. தாத்தாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த வரைபடத்தை மடித்துத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.