போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் இணைப்பில் உலக நகரங்களுக்கு இடையே உள்ள விமான தூரத்தையும் பயண நேரத்தையும் அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். தூரம் சரி. நேரத்தைப் பார்த்தால், மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து, தூரத்தை 900ஆல் வகுத்துப் போட்டதுபோலத் தெரிகிறது. டோக்கியோ - லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,800 கி.மீ., 10 மணி நேரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பல வருடம் புவியியல் நடத்தியவன், பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டோக்கியோவில் கிளம்பினால் 10 மணி நேரம் ஏறக்குறைய சரிதான். திரும்பி வர பதினொன்றரை, குளிர்காலத்தில் 12 மணி நேரம்கூட ஆகும். ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது, மறுபக்கம் தடுக்கிறது. ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓய்ஷி 1920களிலேயே பலூன் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்திருக்கிறார். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் எழுதினார். படித்தவர்கள் குறைவு, பாவம்! 1952இல் பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே காற்றில் ஏறி, டோக்கியோ - ஹொனலுலு 18 மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரை மணி நேரத்தில் முடித்தது. 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. அன்று எதிர்த்திசையில் போனவர்கள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் தூரம் உருண்டை மேல் போகும் மிகக் குறுகிய வழி. பிள்ளைகளிடம் பூகோள உருண்டையையும் நூலையும் கொடுத்து லண்டனையும் டோக்கியோவையும் இணைக்கச் சொல்வேன். சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு கஜகஸ்தான், சீனா வழியாகப் போகும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது நார்வே பக்கம் ஏறி, சைபீரியாவின் வட ஓரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். ஆனால் அந்த வழி எப்போதும் திறந்திருக்காது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சின்கி - டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணிக்குப் போய்விட்டது. தூரம் அட்டவணையில் அதேதான்.

பசிபிக் கடல் நடுவே, கடந்தால் தேதி மாறும் தேதிக்கோட்டையும் விட்டுவிட்டீர்கள். டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறியவர் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தேதி காலை 11 மணிக்கு இறங்குவார். வகுப்பில் இதைச் சொன்னால், "அப்போ கிளம்புறதுக்கு முன்னாடியே போயிட்டாரா சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்கு உங்கள் அட்டவணையில் இடமில்லை.

அடுத்த முறை அட்டவணையில் போக, வர என்று நேரத்துக்கு இரண்டு நெடுவரிசைகள் போடுங்கள். பயண நேரமா, உள்ளூர்க் கடிகார நேரமா என்று கீழே ஒரு வரி இருக்கட்டும். டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுதளம் வரை ஊர்ந்து போவதும் சேர்த்திதான். அதையும் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்