ஸ்பைன் ரோபோ வாங்குமுன்

அன்புள்ள ரகு,

மகளுக்கு எம்.எஸ். ஆர்த்தோ இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி, வாழ்த்தைச் சொல்லிவிடு. உங்கள் மருத்துவமனையில் முதுகெலும்பில் ஸ்க்ரூ பொருத்த உதவும் ஸ்பைன் ரோபோ வாங்கப் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதை எழுதுகிறேன்.

ரோபோ அறுவை செய்வதில்லை. திட்டமிட்ட கோட்டில் ஒரு குழாயை அசையாமல் பிடித்து நிற்கும். துளை போடுவதும் ஸ்க்ரூ முடுக்குவதும் பெரும்பாலும் சர்ஜன் கைதான். 2004இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஸ்பைன்அசிஸ்ட் முதல் 2017இல் பெற்ற எக்செல்சியஸ் ஜி.பி.எஸ். வரை இதுதான் கதை.

ஆகவே எல்லாம் ரெஜிஸ்ட்ரேஷனில், அதாவது சி.டி. படத்தையும் நோயாளியின் எலும்பையும் ஒன்றோடொன்று பொருத்துவதில், இருக்கிறது. 1 மி.மீ. துண்டுகளாக எடுத்த சி.டி.யில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நுழைவிடம், கோணம், நீளம் குறிப்பார்கள். தியேட்டரில் இடுப்பெலும்பில் ஃப்ரேம் பொருத்தி, சி-ஆர்ம் (தியேட்டரிலேயே எடுக்கும் எக்ஸ்ரே) படங்களை அந்த சி.டி.யோடு ஒப்பிடுவார்கள். அதன்பின் யாராவது ஃப்ரேம் மீது சாய்ந்துவிட்டால் போச்சு. திரையில் எல்லாம் சரியாகவே தெரியும், ஸ்க்ரூக்கள் மட்டும் ஒரே பக்கமாக விலகிப் போயிருக்கும். அவ்வப்போது தெரிந்த ஓர் எலும்பு முனையைப் புரோபால் தொட்டுத் திரையோடு சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சந்தேகம் வந்தால் மறுபடி ரெஜிஸ்டர் செய்யத்தான் வேண்டும், நேரம் போனாலும்.

அடுத்த தொல்லை ஸ்கைவிங். ஃபேசெட்டின், அதாவது முள்ளெலும்புகளின் பின்புற மூட்டின், சரிவில் டிரில் முனை வழுக்கும். தசை குழாயை நெருக்கினால் இன்னும் மோசம். சரிவை பர் (எலும்பைச் செதுக்கும் சுழல் முனை) வைத்துச் சமன் செய்து, எலும்பைத் தொடுமுன்பே டிரிலை முழு வேகத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தாமல் இறக்க வேண்டும். 2012இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் ஸ்க்ரூ நன்றாக அமைந்தது ரோபோவில் 85 சதவீதம், வெறுங்கையில் 93. வழுக்கலும் கருவியைப் பொருத்திய விதமும்தான் காரணம் என்றார்கள். பிறகு வந்த கருவிகள் தேறிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

கீழ்முதுகின் எல்4-எல்5க்கு பெடிக்கிள் (ஸ்க்ரூ நுழையும் எலும்புத் தண்டு) அகலமானது, பழகிய கை போதும். ஸ்கோலியோசிஸ் என்னும் முதுகெலும்பு வளைவு, பெடிக்கிள் 4, 5 மி.மீ.தான் இருக்கும் நடுமுதுகு, அடையாளங்கள் அழிந்துபோன மறு அறுவை, இவற்றில்தான் கொடுத்த காசுக்குப் பலன். உங்களுக்கு வருவது பெரும்பாலும் எல்4-எல்5 ரகம் என்றால், என் ஓட்டு, ரோபோ இல்லாமல் கருவி இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் நல்ல நேவிகேஷனுக்கே.

டெமோவில் சமதளமான மாடலைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதே, சரிவான ஃபேசெட்டில் துளை போடச் சொல். ஒரு கேஸுக்கு ஆகும் டிஸ்போசபிள் (ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருட்கள்) செலவையும் எழுத்தில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
மணி