பொட்டாஷ் விலை ஏன் இப்படி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவும் நேரம். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "யூரியா ஒரே விலையில் நிற்குது, பொட்டாஷ் மட்டும் ஏன் குதிக்குது?" மூட்டை ஏற்றுகிற அவசரத்தில் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறோம்.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசில் நிற்கக் காரணம், அரசு விலையைக் கட்டிவைத்து மீதியை மானியமாகத் தருவது. சாம்பல் சத்து தரும் பொட்டாஷுக்கும் மானியம் உண்டு, ஆனால் விலைக்கட்டு அவ்வளவு இறுக்கம் இல்லை. சரக்கோ ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. உலகுக்கே பெரும்பங்கு தருவது கனடா, ரஷ்யா, பெலாரஸ் மூன்றும்தான்.

2020 தேர்தலுக்குப் பிறகு பெலாரஸ் அரசு எதிர்ப்பாளர்களைச் சிறையில் தள்ளியது. அதற்காக 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் பொட்டாஷ் மேல் தடைகள் போட்டன. பெலாரஸுக்குக் கடல் கிடையாது. வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி டன், பக்கத்து நாடான லித்துவேனியாவின் கிளைபேடா துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் லித்துவேனியா அந்த ரயில் வழியை அடைத்தது. அந்த மாதமே உக்ரைன் போரும் தொடங்கியது. இங்கே 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது உங்களுக்கே நினைவிருக்கும்.

அடித்தவர் கையும் வலிக்காமல் இல்லை. லித்துவேனிய ரயில்வேக்குப் பெரிய சரக்கே கைநழுவிப் போயிற்று. ஐரோப்பிய விவசாயியும் நம்மைப் போலவே கூடுதல் விலை கொடுத்தார். ரஷ்ய எரிவாயு குறைந்து விலை ஏறியதில், யூரியா போன்ற உரங்களுக்கு மூலப்பொருளான அம்மோனியாவை எரிவாயுவிலிருந்து செய்யும் ஐரோப்பிய ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. அப்புறம் ஐரோப்பியர்கள் ரஷ்ய உரத்தையே வாங்கினார்கள். பெலாரஸோ ரஷ்யத் துறைமுகங்கள் வழியாகவும், சீனாவுக்கு ரயிலிலும் அனுப்பத் தொடங்கிவிட்டது.

முன்பும் இப்படித்தான். 1980 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் சோவியத் நாட்டுக்குப் போகவேண்டிய 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்தினார். சோவியத் அர்ஜென்டினாவிடம் வாங்கிக்கொண்டது. அமெரிக்க விவசாயிகள் கொதித்தார்கள். 1981 ஏப்ரலில் ரீகன் தடையை நீக்கினார். பெலாரஸ் சிறையில் இருப்பவர்களுக்காகக் குரல் கொடுப்பது நியாயம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உரத்தையும் தானியத்தையும் அதற்கு ஆயுதமாக்குவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

சரி, நம்ம வயலுக்கு வருவோம். நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. மாட்டுக்குப் போக மீதியைக் கொளுத்தாமல் மடக்கி உழுங்கள். மண் பரிசோதனை செய்துவிட்டு அளவைக் குறையுங்கள். வாழைக்கு மட்டும் பொட்டாஷைக் குறைக்க வேண்டாம், தவணையாகப் போடுங்கள்.

மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் உங்களிடம் வாங்க மாட்டோம். வரும்போது ஆதார் அட்டை கொண்டுவாருங்கள். மிஷினில் கைரேகை வைத்தால்தான் பில் போட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் உரக்கடை,
அம்பாசமுத்திரம்