நீலகிரிச் சதுப்புகளில் தண்ணீரை நிறுத்தும் முன் மண்ணைப் பாருங்கள்

நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் தமிழ்நாடு மாநில சதுப்புநில ஆணையத்துக்கும்,

வணக்கம். வடிகால் வாய்க்கால்களை அடைத்து நீலகிரிச் சதுப்புகளில் நீரை நிறுத்தும் முன், ஒவ்வொரு சதுப்பின் மண்ணையும் தனித்தனியே சோதிக்கக் கோரி எழுதுகிறோம். சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் பீட் மண்ணில் 20,000 ஆண்டுக்கும் மேலான புல்பூண்டு முழுதும் மக்காமல் படிந்து கிடக்கிறது. ஈரமான காலகட்டங்களின் தாவரமும் வறண்ட காலகட்டங்களின் புல்லும் அங்கே மாறி மாறி வளர்ந்ததைக் கரிம ஐசோடோப்பு ஆய்வு 1993-லேயே காட்டிவிட்டது. ஒரே பள்ளத்தில் ஆழத்துக்கு ஆழம் படிவு மாறும்போது, எல்லாச் சதுப்பிலிருந்தும் வெளியேறும், சூடேற்றும் வாயுக்களுக்கு ஒரே கணக்குப் போடுவது தவறு.

நார் தெரியும் மேல்மண்ணில் செல்லுலோஸ் மிகுதி. நுண்ணுயிர்கள் அதை எளிதில் செரிக்கும். நீருக்கடியில் மீத்தேன் வருவது பெரும்பாலும் அதிலிருந்துதான். எளிதில் செரிக்காத லிக்னினும் பீனால் சேர்மங்களும் மிகுந்த கரிய அடிமண், காற்றுப் படாதவரை அசையாது. வாய்க்கால் வெட்டி வடித்தால் ஆக்சிஜன் உள்ளே இறங்கும், பீனாலைச் சிதைக்கும் நொதி வேலையைத் தொடங்கும். பீனால் அதுவரை அடக்கி வைத்திருந்த மற்ற நொதிகளும் கட்டவிழும். பல நூற்றாண்டுக் கரிமம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் இட்ட உரம் அதே மண்ணில் இருந்தால் நைட்ரஸ் ஆக்சைடும் சேரும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும். கரிம–நைட்ரஜன் விகிதம் 25-க்குக் கீழுள்ள மண்ணில் இந்த ஆபத்து அதிகம்.

ஆகவே எல்லை அளக்கும் குழுவோடு மண் துளைக்கும் கருவியும் போகட்டும். எடுத்த மண்ணை 10 செ.மீ. துண்டுகளாக்கி, 105 டிகிரியில் உலர்த்தி, பிறகு 550 டிகிரியில் எரித்து எடைக்குறைவைக் குறியுங்கள்; மண்ணிலுள்ள கரிமப் பொருளை அது காட்டும். சரிவிலிருந்து களிமண் வந்து சேரும் ஓரங்களில் இந்த முறை ஏமாற்றும்: களியில் கட்டுண்ட நீரும் அந்தச் சூட்டில் போவதால் கரிமம் கூடுதலாகத் தெரியும். அங்கே நேரடிக் கரிமப் பகுப்பாய்வு வேண்டும். களத்தில் ஒரு பிடி மண்ணைப் பிழிந்தாலே பாதி தெரிந்துவிடும். தெளிந்த நீர் வந்தால் மக்கவில்லை. விரலிடுக்கில் மண்ணே கூழாக வழிந்தால் முழுக்க மக்கிவிட்டது.

வாயு அளக்கும் பெட்டியருகே பலகை போட்டு நில்லுங்கள். சேற்றை மிதித்தால் அடியில் தேங்கிய குமிழிகள் கிளம்பி மீத்தேன் அளவைப் பொய்யாக ஏற்றும்.

வாய்க்காலை அடைக்கும்போது குளம்போல் தேங்க விடாதீர்கள். பசும்புல் மூழ்கினால் மீத்தேன் பெருகும். முதலில் தழையை அறுத்து வெளியேற்றுங்கள். நீர்மட்டத்தைத் தரைக்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே நிறுத்துங்கள். துளையிட்ட பிவிசி குழாயை இறக்கி வாரந்தோறும் அளந்தால் போதும். ஓரத்தில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நின்றால் அவை நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், அடைப்பு மட்டும் பலன் தராது. சதுப்புக்குள் மரம் நடும் திட்டம் எதையும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

துளையிட்ட இடம், ஆழவாரியான மண் கணக்கு, நீர்மட்டம் மூன்றையும் ஒவ்வொரு சதுப்புக்கும் தனித்தனியே வெளியிட வேண்டுகிறோம். வரும் கோடைக்கு முன் குழாய்களை இறக்கிவிட்டால், நீர் மிகத் தாழும் மாதங்களும் பதிவில் வந்துவிடும்.

இப்படிக்கு,
சதுப்பு மண், வாயு அளவீட்டுப் பணியில் இருப்போர்