கோர்ட் ஒதுங்கட்டும், மேல்முறையீடு விழிக்கட்டும்: தமிழ்நாடு நிதித்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சாலை, வடிகால் வேலைகளுக்கு டெண்டர் போடும் சிறு ஒப்பந்ததாரன் நான். டெண்டர் வழக்குகளில் நீதிமன்றங்கள் தலையிட மறுப்பதை எங்கள் ஆட்கள் பலர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். தோற்றவரெல்லாம் அரசு முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினால் எந்தத் தெருவிலும் தார் விழாது.

1994-இல் டாடா செல்லுலார் வழக்கில், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் செல்போன் உரிமம் பற்றிய சண்டையில், உச்ச நீதிமன்றம் எல்லைக்கோடு போட்டது: முடிவெடுத்த முறையைத்தான் பார்ப்போம், முடிவின் மேல் அப்பீல் கேட்க உட்காரவில்லை. நம்மூரிலேயே, மதுப்பாட்டிலில் ஒட்டும் ஹாலோகிராம் லேபிள் டெண்டரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) மனுதாரர் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, வழக்குப் போட்டவர்களையே செலவுத் தொகை கட்டச் சொன்னது.

சரி, இதுவரை எனக்குச் சம்மதம்தான். இடிப்பது இதற்கு அடுத்த படி. 2022-இல் ஜார்க்கண்ட் சாலை வேலை ஒன்றின் வழக்கில், டெண்டரில் தவறு நடந்திருந்தாலும் வேலையை நிறுத்தாமல் பாதிக்கப்பட்டவரை நஷ்டஈட்டுக்கு அனுப்புவதே நல்லது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய கம்பெனிக்கு அது சரிப்படலாம். எங்களுக்கு ஒரு வேலை போனால் லாபம் மட்டுமா போகிறது? அந்த வேலையின் அனுபவச் சான்றிதழும் போகிறது, அது இல்லாமல் அடுத்த பெரிய டெண்டருக்குத் தகுதியே கிடையாது. எந்த நஷ்டஈடு அதைத் தரும்? அதுவும் சிவில் கோர்ட்டில் பல வருஷம் நடையாய் நடந்த பிறகு!

ஆகவே நீதிமன்றக் கதவு குறுகக் குறுக, உங்கள் கதவு அகலமாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை பற்றிய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. அரசு அலுவலகம் எடுத்த முடிவை அரசே விசாரிக்கிறது. என் தொழில்நுட்ப உறையை (விலை உறைக்கு முன் பிரிக்கும், தகுதி ஆவணங்கள் கொண்ட உறை) ஒரு முறை ஓர் அலுவலகம் தள்ளியபோது, எந்த நிபந்தனையில் குறை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. காரணமே தெரியாதவன் மேல்முறையீட்டில் எதை எழுதுவான்?

துறைக்கு வெளியே, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் பொறியாளர் ஒருவரும் கொண்ட அமர்வு இந்த மேல்முறையீடுகளைக் கேட்கட்டும். அந்த 10 நாள் முடியும்வரை வேலை உத்தரவு போகக்கூடாது. இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கலாம், காலம் பிடிக்கும், புரிகிறது.

ஆனால் நிராகரித்த காரணங்களை, டெண்டர் விவரங்களை வெளியிடும் டெண்டர் புல்லட்டின் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதே காரணத்தை, நிபந்தனை எண்ணோடு, தோற்றவருக்கும் அன்றே அனுப்பி, டெண்டர் இணையதளத்திலும் போடச் சொல்லுங்கள். இதற்கு உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும், இந்த மாதமே அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு சிறு ஒப்பந்ததாரர்