கேட்டவர்களுக்கும் கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புடையீர், வணக்கம்.

பிப்ரவரி தொடங்கி ஜூலை வரை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் நடந்துவந்த புதிய சோதனை இசைத் தொடர் ஆறாம் மாலையோடு நிறைவுற்றது. நுழைவுக் கட்டணம் வாங்காமல், வாசலில் உண்டியலும் வைக்காமல் இதை நடத்தி முடிக்கத் துணைநின்றவர்கள் பலர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று கைகூப்புவதே முறை. அது இயலாமையால் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதல் நன்றி மண்டபத்தின் பராமரிப்பாளர் ஐயாவுக்கு உரியது. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் உட்காரச் சொல்வது கொடுமை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அன்றைய குழலிசை, மூச்சுக்கும் சுரத்துக்கும் நடுவே நின்ற மிக மெல்லிய ஒலிகளால் ஆனது. விசிறியின் இரைச்சலில் அதில் பாதி காணாமல் போயிருக்கும். ஒத்திகையின்போது அதைக் கவனித்த ஐயா, நாங்கள் கேட்பதற்கு முன்பே விசிறிகளை நிறுத்தினார். பிறகு சமையலறைக் குளிர்ப்பெட்டியும் முனகுகிறது என்று அதையும் நிறுத்தினார். திரும்பப் போட மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தம் காரின் சாவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா! ஆறு மாலைகளும் அந்தச் சாவி அங்கேதான் குளிர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் நடைமுறை பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1918 இல் வியன்னாவில் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் புதிய இசைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். நன்றாக ஒத்திகை பார்த்த படைப்பையே அங்கு மேடையேற்றினார்கள். ஒருமுறை கேட்டால் புதியது பிடிபடாது என்பதால் மீண்டும் மீண்டும் இசைத்தார்கள். ஆனால் உறுப்பினரல்லாதோர்க்கும் பத்திரிகை விமர்சகர்களுக்கும் இடமில்லை, கைதட்டவும் கூடாது. அவர்களுடைய பொறுமையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தோம். ஒரு படைப்பை இசைப்பது, அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசுவது, பின்பு அதையே மறுபடியும் இசைப்பது என்பதே ஏற்பாடு. முதல் மாலையில் இடையிலேயே எழுந்து சென்றவர்கள் உண்டு. அவர்களுக்கும் நன்றி சொல்கிறேன். பணம் கொடுத்திருந்தால் வேண்டாவெறுப்பாகக் கடைசிவரை இருந்திருப்பார்கள். கட்டணமில்லை என்பதால் தமக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் காட்டினார்கள்.

அந்த முதல் மாலையில் இரண்டாம் வரிசையில் இருந்த ஓர் ஆயா (பாட்டி), "இதைப் படைக்கும்போது உங்கள் காதில் என்ன கேட்டது?" என்று இசையமைப்பாளரைத் தமிழிலேயே கேட்டார்கள். அவருக்கு உடனே விடை வரவில்லை. பேசிப் பேசிப் பழகிய விளக்கங்கள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். தமக்கு இந்த இசை பிடிக்கவில்லை என்று ஆயா ஆறு மாலைகளும் சொன்னார்கள். ஆறு மாலைகளும் வந்தார்கள். ஆங்கிலம், ஜூலு, தமிழ் என்று மூன்று மொழிகளில் எழுந்த இத்தகைய கேள்விகளையெல்லாம் கூர்மை குறையாமல் மாற்றிச் சொன்ன தங்கைக்கு, பேச்சின் பாதிப் பெருமை சேர வேண்டும்.

மார்ச் மாதத்து மாலையைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். அன்று உமக்வெயானா வாசித்த சகோதரி உள்நாட்டிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். உமக்வெயானா ஜூலு மக்களின் ஒற்றைக் கம்பி வில். கம்பியை நடுவில் ஒரு வளையத்தால் இழுத்துக் கட்டி இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு சுரைக்குடுக்கை இருக்கும். மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டியபடி, குடுக்கையின் வாயை மார்போடு சேர்த்தும் விலக்கியும் வாசிப்பார்கள். வாய் மூடித் திறக்கும் அளவுக்கு ஏற்ப, கம்பியின் நாதத்துக்குள் உறங்கும் மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக எழும். இதன் உறவான உகுபு என்னும் வில்லை வாசித்துப் புகழ்பெற்ற இளவரசி மகோகோவின் (1900-1984) ஒலிப்பதிவு ஒன்றை அவர் முதலில் கேட்கச் செய்து, அதன் பின்னர் தம் புதிய படைப்பை வாசித்தார்.

பேச்சு தொடங்கியதும், இளமையில் ஆறடிக்கூத்து என்று இங்கு வழங்கும் தெருக்கூத்துக்கு மத்தளம் வாசித்த பெரியவர் ஒருவர் எழுந்து, குடுக்கையை ஏன் நெஞ்சோடு அணைக்கிறீர்கள் என்று வினவினார். சகோதரி விடை சொல்லாமல் வில்லை அவர் கையில் கொடுத்துவிட்டார். பெரியவர் தம் சட்டைப் பித்தானை ஒட்டிக் குடுக்கையை வைத்து, ஒருமுறை தட்டி, மெல்ல விலக்கினார். ஒலி திறந்துகொண்டதும், "இது ஜீவாளி அல்லவா!" என்றார். தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் கட்டையில், தந்திக்கு அடியில் பருத்தி நூலைச் செருகி நகர்த்தும்போது, ஓரிடத்தில் ஒலி சட்டென்று மலர்ந்து ரீங்கரிக்குமே, அதைத்தான் குறிப்பிட்டார். அடுத்த மாதம், பல ஆண்டுகள் உறையிலேயே கிடந்த தம் தம்புராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சகோதரி அருகில் அமர்ந்து, அந்த நூல் மயிரிழை மயிரிழையாக நகர்வதைப் பார்த்தபடியே இருந்தார். ஜூலை மாலையில் ஒலித்த, வில்லுக்கும் தம்புராவுக்கும் உரிய புதிய படைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. அது எங்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்ததன்று. அவ்விருவரும் எங்களுக்கு வழங்கிய கொடை.

மே மாதம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மாணவர் இருவர், அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1972 இல் அமைத்த, கைதட்டல் மட்டுமே கொண்ட படைப்பை நிகழ்த்தினார்கள். எட்டுத் தட்டும் நான்கு வெற்றிடமுமாக 12 மாத்திரைக் கோவை ஒன்றை இருவரும் சேர்ந்து தொடங்குவார்கள். ஒருவர் அதிலேயே நிற்க, மற்றவர் ஒவ்வொரு மாத்திரையாக விலகிச் சென்று, பன்னிரண்டாம் நகர்வில் மறுபடி வந்து சேர்வார். கோவையின் 12 மாத்திரையும் ரூபக தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது ஒரு சுற்றில், அடங்குவதைக் கண்டுகொண்ட ஓர் அம்மா, மடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்து, பிள்ளைகள் சேர்ந்த இடத்தில் தாமும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து நின்றார்கள். இரண்டு மாதம் வீட்டில் இந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பெற்றோர்களுக்கு என் வணக்கம்.

ஜூன் மாலையில் நான்கு ஒலிபெருக்கிகளுக்கென அமைந்த மின்னிசைப் படைப்பு நடுவிலிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. ஒருவரும் எழவில்லை. வெளியே ஹடீடா பறவையொன்று கத்திவிட்டுப் போனது, தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்த இசையமைப்பாளர் தம்பி, அந்த ஒலிகளிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். இருட்டில் நடந்த அந்தப் பேச்சுதான் ஆறிலும் நீண்டது. வெளிச்சத்தில் வாய் திறவாத பலர் அன்று பேசினார்கள். கைவிளக்கோடு விரைந்து வந்துவிட்டு, பேச்சு நடப்பதைக் கண்டு அதை ஏற்றாமல் வாசலிலேயே நின்ற அண்ணனுக்கு நன்றி.

இசைத்தவர்கள் எவரும் கூலியில்லாமல் இசைக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கேட்பவருக்கு இலவசம் என்றால் வாசிப்பவரும் இலவசமாக வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடானதன்று. ஒவ்வொருவருக்கும் பயணச் செலவும் ஊதியமும் தந்தோம். அந்தப் பணம் முழுவதையும் தம் பெயர் எங்கும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்த குடும்பத்தாருக்கு, அந்த நிபந்தனையைக் காப்பதே என் நன்றி. வடையும் தேநீரும் தந்த மாதர் குழுவினருக்கும், இரவில் முதியவர்களை வீடுவரை கொண்டுசேர்த்த சிற்றுந்து ஓட்டுநருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஏப்ரல் மாத அறிவிப்பில் தேதியைத் தவறாக அச்சிட்டது என் பிழை. அதை நம்பி ஒரு வாரம் முன்னதாகவே வந்து பூட்டிய கதவைக் கண்டு திரும்பிய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மறுவாரமும் அவர்கள் வந்தார்கள்.

மத்தளப் பெரியவர் தம் தம்புராவை மண்டபத்திலேயே விட்டுவைத்திருக்கிறார். நூலைத் தாமே நகர்த்திப் பார்க்க விரும்புவோர், சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பராமரிப்பாளர் ஐயாவிடம் கேட்டால் அலமாரியைத் திறந்து தருவார்.

நன்றியுடன்,
தொடரின் ஒருங்கிணைப்பாளர்